மாலை ஐந்து மணிக்குப் பிறகு மாட்டு டாக்டர்

ஆரணி என்றால் வெளியூர்க்காரருக்குப் பட்டுப் புடவை நினைவுக்கு வரும். மளிகைக் கடைக்காரருக்கு அரிசி மூட்டை நினைவுக்கு வரும். உள்ளூர்க் குடும்பங்களின் வரவு செலவைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று வந்து நிற்கும். அது மாடு. இந்த மூன்றுக்கும் தொடர்பு உண்டு. நெல் விளையும் இடத்தில் வைக்கோல் மிஞ்சுகிறது. ரைஸ் மில்கள் ஓடும் ஆரணியிலும் களம்பூரிலும் தவிடும் நொய்யும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. தீவனத்தில் பாதி வீட்டு வாசலுக்கே வந்துவிடும்போது ஒரு கறவை மாடு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றும். ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களில் தறிக்கூலி பாவு ஏறி, புடவை அறுத்துக் கொடுத்து, கணக்கு முடிந்தால்தான் கைக்கு வரும். பட்டு நூல் விலை ஏறினாலோ, கல்யாண சீசன் மந்தமானாலோ அதுவும் தள்ளிப்போகும். பால் பணம் அப்படியில்லை. சொசைட்டியில் காலையும் மாலையும் ஊற்றியதற்குக் குறித்த நாளில் பட்டுவாடா ஆகிவிடும். வீட்டுச் செலவை ஓட்டுவது பல மாதங்களில் அந்தப் பணம்தான்.

அந்த மாடு படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது, அவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கால்நடை மருத்துவர் பற்றாக்குறையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் தலைகளை எண்ணுகிறோம்: இத்தனை மருத்துவர், இத்தனை மாடு என்று. பற்றாக்குறை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு காட்டுவதில்லை.

முதலில் நோயைப் பார்ப்போம். அரிசி மிகுந்த ஊருக்கே உரிய ஒரு மாட்டு நோய் உண்டு. பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும், கல்யாண வீட்டில் சோறு மிஞ்சிய மறுநாளும் அது வரும். வாயில்லா ஜீவன் வயிறாரச் சாப்பிடட்டும் என்று அண்டா நிறையச் சோற்றையும் நொய்க்கஞ்சியையும் வைத்துவிடுகிறார்கள். மாட்டின் பெருவயிறு புல்லையும் வைக்கோலையும் மெல்ல மெல்ல நொதிக்க வைப்பதற்கு அமைந்தது. மாவுப்பொருள் ஒரேயடியாக உள்ளே போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகளில் லாக்டிக் அமிலத்தைச் சுரப்பவை மட்டும் பெருகுகின்றன. அமிலம் ஏற ஏற மற்ற நுண்ணுயிரிகள் மடிகின்றன. உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அசைபோடுவது நிற்கும், பல்லைக் கடிக்கும், சாணம் புளிச்ச நாற்றத்துடன் தண்ணீராகப் போகும், தள்ளாடும், பிறகு எழுந்திருக்காது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டி, நரம்பில் திரவம் ஏற்றிக் காப்பாற்றலாம். முற்றிவிட்டால் இடப்பக்க விலாவைக் கீறி, பெருவயிற்றைத் திறந்து, உள்ளிருப்பதைக் கையால் அள்ளி வெளியே போட வேண்டும். இரண்டுக்கும் இடையே இருப்பது சில மணி நேரம். பொங்கல் விடுமுறையில் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவர் தொழுவத்துக்கு வந்துசேர வேண்டும்.

இன்னொன்று பிரசவம். நேராக வரும் கன்று முன்னங்கால் இரண்டையும் நீட்டி, அவற்றின்மேல் தலையை வைத்தபடி வரும். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் முன்னேறாவிட்டால், தலை பின்பக்கம் திரும்பியிருக்கலாம், அல்லது ஒரு கால் மடங்கியிருக்கலாம். தெரிந்தவர் செய்வது இழுக்கும் வேலைக்கு நேர் எதிரானது. வாலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, கையிலும் வழியிலும் வழவழப்புக்கு மருந்து தடவி, கன்றை முதலில் உள்ளே தள்ளுவார். இடம் கிடைத்ததும் தலையைத் திருப்பி நேராக்கி, கால்களுக்குக் கயிறு மாட்டி, மாடு முக்கும்போது மட்டும் அதோடு சேர்ந்து இழுப்பார். முடியாவிட்டால் சிசேரியன். தெரிந்தவர் வராவிட்டால் நடப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாலு ஆள் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பார்கள். கன்று செத்து வரும். சில சமயம் கருப்பையும் சேர்ந்து வெளியே வரும். இடுப்பு நரம்பு நசுங்கிய மாடு பிறகு நிற்கவே நிற்காது. அந்த நாலு பேரில் யாரும் கொடியவர் இல்லை. அக்கறையோடு, பதற்றத்தோடு, வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். ஆனால் மாடு படும் வேதனையை அளந்து பார்த்தால், சட்டம் தண்டிக்கும் பல கொடுமைகளைவிட அது பெரியது.

பிரசவம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. தமிழ்நாட்டின் கால்நடை மருந்தகங்களில் பெரும்பாலானவை காலை எட்டு மணிக்குத் திறந்து, நடுவே இடைவெளி விட்டு, மாலை ஐந்து மணியோடு மூடுகின்றன. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வீட்டுக்கே வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் வந்திருப்பது பெரிய முன்னேற்றம். 2024இல் தமிழ்நாட்டில் இப்படி 245 ஊர்திகள் விடப்பட்டன. ஒரு லட்சம் கால்நடைக்கு ஓர் ஊர்தி என்பது ஒன்றிய அரசுத் திட்டத்தின் அளவுகோல். 2019 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 2.45 கோடி கால்நடைகள். வகுத்தால் வரும் எண் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஊர்திகளும் பெரும்பாலும் பகல் நேரத்துக்கானவை. இரவு பதினோரு மணிக்கு மாடு முக்கினால், பழக்கமான மருத்துவரின் செல்போனும் அவருடைய நல்ல மனதும்தான் கதி. பலர் அந்த நேரத்திலும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நம் கிராமங்களில் இரவு நேர மருத்துவம் என்பது தனிமனிதர்களின் நல்லெண்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அரசின் சேவையாகக் கணக்கில் எழுதிவைப்பது நியாயமில்லை.

மருத்துவர் வராத இடத்துக்கு வேறு யாராவது வருகிறார்கள். சினை ஊசி போடப் பழகியவர், மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், எங்கோ ஒரு டாக்டருக்கு உதவியாளராக இருந்தவர். கையில் கிடைக்கும் வலி மருந்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் போட்டுவிட்டுப் போவார்கள். இதன் விளைவு மாட்டோடு நிற்பதில்லை. கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததே காரணம். 2023இல் கீட்டோபுரொஃபெனும் அசிகுளோஃபெனாக்கும் அதே காரணத்துக்காகத் தடையாயின. மாற்று மருந்தாக மெலாக்ஸிகாம் இருக்கிறது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தெரிந்த ஆள் தொழுவத்துக்கு வராவிட்டால் தடை வெறும் காகிதத்தில் இருக்கும். ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்று சொல்வதற்கும் ஆள் வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இந்தியாவில் இன்றுவரை எடுத்தாளப்படும் அளவுகோல், 1976இல் அறிக்கை தந்த தேசிய வேளாண் ஆணையம் சொன்னது: 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் ஏறத்தாழ 95 லட்சம், எருமைகள் 5 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒரு கோடி. ஐயாயிரத்தால் வகுத்தால் 2,000 மருத்துவர். வெள்ளாடும் செம்மறியும் சுமார் 1.4 கோடி, பத்து ஆட்டை ஒரு மாடாக வைத்தால்கூட இன்னும் 300 பேருக்குள் அடங்கிவிடும். மாநிலத்தில் மருந்தகங்களே இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆகக் காகிதத்தில் பார்த்தால் தமிழ்நாடு அளவுகோலைத் தொட்டுவிட்டது. பிறகு ஏன் ஆரணிக்காரர் இரவில் ஆளில்லாமல் தவிக்கிறார்?

அளவுகோல் 1976ஆம் ஆண்டு மாட்டுக்கானது. அன்று ஆரணித் தொழுவத்தில் நின்றது பெரும்பாலும் உழவு மாடும், கன்றுக்குப் போக மிச்சம் கறக்கும் நாட்டுப் பசுவும். இன்று தமிழ்நாட்டு மாடுகளில் முக்கால் பங்குக்கு மேல் ஜெர்சி, ஃபிரீசியன் கலப்பினம். பால் கூடியதோடு மடி நோய், சினை பிடிக்காமை, கன்று ஈன்றதும் சுண்ணாம்புச் சத்து குறைந்து விழும் பால் காய்ச்சல் எல்லாம் கூடின. சிறிய உடம்புள்ள பசுவுக்குப் பெரிய இனத்து விந்தைச் செலுத்தினால் கன்றின் உடம்பு பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகிறது. நாட்டு மாடு ஆண்டுக்கு ஒருமுறைகூட மருத்துவரைப் பார்க்காமலே காலம் தள்ளும். கலப்பின மாட்டுக்குச் சினை ஊசியில் தொடங்கி அடுத்த சினை வரை ஆள் வேண்டும்.

அதோடு, ஐயாயிரம் மாடும் ஒரே பண்ணையில் நிற்கவில்லை. வீட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பல ஊர்களில் பிரிந்து நிற்கின்றன. மருத்துவரின் நாளைத் தின்பது சிகிச்சையைவிடப் பயணம்தான். ஆரணிச் சமவெளியில் இது சாலை நேரம். அதே திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிய சிற்றூர்களில், இதுவே நடை நேரம். இரண்டுக்கும் ஒரே வகுத்தல்.

பணியிடம் இருப்பதும் ஆள் இருப்பதும் வேறு வேறு என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019 நவம்பரில் 1,141 கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மாட்டுக்கும் எருமைக்கும் மொத்தத் தேவையே இரண்டாயிரம் என்று மேலே கண்டோம். அதில் பாதிக்கு மேற்பட்ட எண்ணிக்கை ஒரே அறிவிப்பில் வருகிறது என்றால் காலியிடங்கள் எவ்வளவு காலம் சேர்ந்து நின்றிருக்க வேண்டும்! ஆண்டுதோறும் ஓய்வு பெறுகிறார்கள். நியமனமோ பல ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக நடக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு மருத்துவர் இரண்டு மருந்தகத்துக்குப் பொறுப்பு. திங்கள், புதன், வெள்ளி ஓரூர். மற்ற நாள் வேறூர்.

படித்தவர்கள் இல்லாமலும் இல்லை. சைதாப்பேட்டையில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நாட்டின் பழைய கல்லூரிகளில் ஒன்று. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பல்கலைக்கழகம். சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, பிறகு சேலம் தலைவாசல், தேனி, உடுமலை என்று இன்று ஏழு கல்லூரிகள். சேர்க்கை பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடப்பதால் கிராமத்துப் பிள்ளைகள் இன்னமும் உள்ளே வர முடிகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. ஐந்தரை ஆண்டு படித்து வெளியே வரும்போது அரசு வேலைக்கான அறிவிப்பு எப்போது வரும் என்று தெரியாது. நாமக்கல் கோழிப் பண்ணை, தீவனக் கம்பெனி, வங்கி, சென்னையிலும் பெங்களூரிலும் நாய் பூனைக்கான கிளினிக், வெளிநாடு என்று போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? படிப்பவர்களில் கணிசமானோர் இன்று பெண்கள். நள்ளிரவில் தனியாக ஒரு பெண் மருத்துவர் அறிமுகமில்லாத ஊர்த் தொழுவத்துக்குப் போக வேண்டுமென்றால் வண்டியும் துணைக்கு ஆளும் தங்க இடமும் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஒற்றை மருத்துவர் மருந்தகம் அப்படி எதையும் கொடுக்கும் நிலையில் இல்லை.

இருக்கும் மருத்துவரின் நேரமும் சிகிச்சைக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு இருமுறை கோமாரித் தடுப்பூசிச் சுற்று. கிடேரிக் கன்றுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி. இவை அவசியமான வேலைகள். அதோடு ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் 12 இலக்கத் தோடு மாட்டி அதைச் செல்போன் செயலியில் பதிய வேண்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டங்களில் பயனாளிகளோடு சந்தைக்குப் போய் ஆடு மாடு பொறுக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. கால்நடைக் கணக்கெடுப்பு, காப்பீட்டுச் சான்று, பிரேதப் பரிசோதனை, முகாம், ஆய்வுக் கூட்டம். தை பிறந்தால் ஆரணி, போளூர், கண்ணமங்கலம் பக்கம் காளை விடும் விழாக்கள்.

இங்கேதான் விலங்கு நலச் சட்டம் நுழைகிறது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களைப் பேசி ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. ஏற்றதற்கு அடிப்படையாக இருந்தவை விழாவை நடத்துவதற்கான விதிகள். அவற்றில் முக்கியமானது, களத்தில் இறங்கும் காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதிப்பது. அந்த நாள் அந்த மருத்துவரின் மருந்தகத்தில் யார் இருப்பார் என்று எந்த விதியும் சொல்வதில்லை.

மற்றச் சட்டங்களையும் புரட்டினால் இதே கதைதான். 1978ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளின்படி லாரியில் ஏற்றும் மாடு பயணத்துக்குத் தகுதியானது என்று மருத்துவர் சான்று தர வேண்டும். 2001ஆம் ஆண்டு இறைச்சிக் கூட விதிகளின்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேலும், நாளுக்கு 96க்கு மேலும் பரிசோதிக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி இரண்டையும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று சொல்லி, தெருநாய் வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. ஆரணி போன்ற நகராட்சியில் அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்வது யார்? பெருநகர மாநகராட்சிக்குத் தனிக் கால்நடை மருத்துவர் இருப்பார். சிறு நகராட்சி கால்நடைத் துறையின் மருத்துவரிடமோ தொண்டு நிறுவனத்திடமோ கையேந்த வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960இல். அதற்கு வித்திட்ட ருக்மிணி தேவி அருண்டேலே 1962இல் விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரானார். முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்ற அபராதம் ஏன் இன்னும் மாறவில்லை என்று நலச் சங்கங்கள் கேட்பது நியாயம். ஆனால் அபராதத்தை ஐம்பதாயிரமாக்கினாலும் தலை திரும்பிய கன்றோடு முக்கிக்கொண்டிருக்கும் மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆள் பலம் இருந்தால் என்ன முடியும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. ராணிப்பேட்டையில் 1932இல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அமைந்தது. அதன் முதல் கவலை வெக்கை நோய். ஊர் ஊராக மாடுகளைக் காலி செய்த கொள்ளை நோய் அது. தடுப்பூசி போடவும், நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று சந்தை சந்தையாக, தொழுவம் தொழுவமாகத் தேடவும் ஆள்கள் போனார்கள். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 1995இல், அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிந்த ஒரே நோய். தடுப்பு மருந்து எவ்வளவு முக்கியமோ, அதை எடுத்துக்கொண்டு தொழுவம் வரை நடந்த கால்களும் அவ்வளவு முக்கியம்.

ஆள் பற்றாக்குறை நமக்கு மட்டுமே உரியதும் அல்ல. பிரிட்டனில் இறைச்சிக் கூடங்களில் பணியாற்றிய மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களாக இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் நிலையில் 2019இல் கால்நடை மருத்துவர்களை ஆள் தட்டுப்பாட்டுத் தொழில்களின் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2010 முதல், ஆள் கிடைக்காத ஊரில் மூன்று ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மருத்துவருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கல்விக் கடனை அரசே அடைத்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பணமல்ல. எந்தெந்த வட்டாரத்தில் எந்த வகைச் சேவைக்கு ஆளில்லை என்று ஒவ்வொரு மாநில அதிகாரியும் ஆண்டுதோறும் முன்மொழிந்து, அது வரைபடமாக வெளியாகிறது. அங்குள்ள மருத்துவர் சங்கம் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசுகிறது.

நம்மிடத்தில் மருத்துவர் சங்கங்கள் பேசுவது காலியிடம், பதவி உயர்வு, மனித மருத்துவருக்கு இணையான ஊதியம். விலங்கு நல அமைப்புகள் பேசுவது வதை, அபராதம், தெருநாய். இரு தரப்பும் ஒரே மேசைக்கு வருவது அரிது. இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு முனைகள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே சிகிச்சை செய்யலாம் என்கிறது. பயிற்சிச் சான்று பெற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கதவை அகலத் திறந்தால் போலிகள் உள்ளே வருவார்கள் என்று மருத்துவர்கள் அஞ்சுவதில் உண்மை உண்டு. மேற்பார்வை என்பது பெயரளவில் போய்விடும் என்பது அவர்களுடைய அனுபவம். ஆனால் கதவை மூடிவைத்த காலத்திலும் போலிகள் தொழுவத்துக்குள் இருக்கிறார்கள். காதுத் தோடு, செயலிப் பதிவு, தடுப்பூசி, புண் கட்டுதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற, பதிவில் உள்ள, மருத்துவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட உதவியாளரிடம் கொடுத்தால் மருத்துவரின் கை பிரசவத்துக்கும் அறுவைக்கும் விடுபடும். அதற்கு நிரந்தரப் பணியும் கௌரவமான சம்பளமும் வேண்டும். ஒப்பந்தக் கூலியில் இது நடக்காது.

இரவுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆரணி, மேற்கு ஆரணி இரண்டு ஒன்றியங்களிலும் உள்ள மருந்தகங்களின் மருத்துவர்களை ஒரு முறைவைப்பில் சேர்த்து, ஆரணி நகரத்தில் ஒரே இடத்தில், ஓர் ஊர்தி, ஓர் ஓட்டுநர், ஓர் உதவியாளர், ஓர் அறுவை மேசையோடு இரவு முழுவதும் ஒருவர் இருக்க வேண்டும். இரவு பார்த்தவருக்கு மறுநாள் விடுப்பு. இதற்குப் புதிய கல்லூரி வேண்டாம்; இருக்கும் இடங்களைக் காலாகாலத்தில் நிரப்பினால் போதும்.

இதைக் கேட்பதற்கு 5,000 அலகு என்ற பழைய கணக்கு உதவாது. கேட்க வேண்டிய கணக்கு வேறு: மாடு விழுந்தது என்று போன் செய்ததிலிருந்து மருத்துவர் தொழுவத்தில் கால் வைக்கும் வரை எத்தனை மணி நேரம்? 1962 ஓர் அழைப்பு மையம் என்பதால், அழைத்த நேரம் அங்கே பதிவாகிறது. வண்டி சேரும் நேரத்தையும் எழுதிவைக்க ஒரு வரி போதும். போக முடியாமல் போன அழைப்பையும், இரவில் எடுக்க ஆளில்லாத அழைப்பையும் அதிலேயே குறிக்கலாம். ஒன்றியவாரியாக மாதம் ஒருமுறை அதை வெளியிட்டு, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் படிக்கச் சொல்லி மருத்துவர் சங்கமும் நலச் சங்கமும் பால் உற்பத்தியாளர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். ஜமுனாமரத்தூர் எங்கே நிற்கிறது, ஆரணி எங்கே நிற்கிறது என்று முதல் மாதமே தெரிந்துவிடும்.